கெஜக் கணக்கு

"கொடி எவ்வளவு தூரம் மாப்பிள்ளை?"

கோல்ஃப் மைதானத்தில் மாமனார் கேட்டதும், குழியில் நட்ட கொடிக்குத் தூரம் காட்டும் ஜிபிஎஸ் கருவியை மருமகன் பார்த்தான். "நூத்தி நாப்பது மாமா."

நூற்று நாற்பது கெஜத்துக்கு அளவெடுத்து மாமனார் அடித்தார். பந்து கொடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கெஜம் முன்னாலேயே குளத்தில் பொத்தென்று விழுந்தது. காலையிலிருந்து எல்லா அடியும் இப்படியே.

"இருபது வருஷத்துல இப்படித் தப்பினதே இல்லையே!"

"வெயில் மாமா." மருமகனுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஞாயிறுதோறும் இவருடைய பையைத் தூக்கியே அவன் தோள் இறங்கிப் போயிருந்தது.

மாமனார் மட்டையைப் பைக்குள் போட்டார். "போதும். கோல்ஃபுக்கு இன்னையோட ஒரு கும்பிடு."

"அவசரப்படாதீங்க மாமா" என்றான் ஒப்புக்கு.

"கருவி பொய் சொல்லுமா? கையில வலு போயிடுச்சு மாப்பிள்ளை. இனிமே தனியா இருக்கறது சரிப்படாது. நாளைக்கே பெட்டி படுக்கையோட உங்க வீட்டுக்கு வந்துடறேன்."

மருமகன் கருவியைச் சட்டைப் பைக்குள் திணித்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கெஜத்தில் காட்டிய கருவியைக் காலையில் கமுக்கமாக, அதைவிட நீளமான மீட்டருக்கு மாற்றி வைத்தவனே அவன்தான்.