கதை சொல்கிறவரின் வில்லாளி

நூலகத்தின் பின்னறையில், வெட்டிய கேக் மேல் மாலை வெயில் விழுகிறது. எங்கள் பகடை விளையாட்டை ஏழு வருஷமாகப் பைசா வாங்காமல் கதை சொல்லி நடத்துகிறவரை வாய் வலிக்கப் பாராட்டியாயிற்று. அவர் சொல்லும் கதைக்குள் ஆளுக்கொரு வீரனாக நாங்கள்தான் ஆடுகிறோம். அவர் ஒருநாளும் ஆடியதில்லை. சட்டைப்பையிலிருந்து மடிப்புக் கிழிந்த தாளொன்றை எடுக்கிறார். முதல் வருஷமே தான் ஆடுவதற்கென்று எழுதிவைத்த வீரன், ஒரு வில்லாளி. "இன்னைக்கு மட்டும் வேற யாராவது கதை சொல்றீங்களா?" எங்களோடு ஆடும் பல் டாக்டர் பகடையைத் துடைக்கிறார். என் தங்கை கேக்கில் மும்முரமாகிறாள். நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். "உங்கள மாதிரி வருமா அண்ணே?" என்கிறார் டாக்டர். "கதையில போன வாரம் திறக்காம விட்ட கதவைத் திறக்கிறோம். உள்ள என்ன இருக்கு?" கதை சொல்கிறவர் தாளை நீவி மேஜை நடுவில் வைக்கிறார். "ஒரு வில்லாளி. செத்து ஏழு வருஷம் ஆச்சு."