மாமனாரின் மணிக்கட்டு

"மூணு மாடி ஏற வச்சுட்டு, இப்போ கையில பித்தளைக் குழாயைக் கொடுக்கறாரே உன் வீட்டுக்காரர். ஷாக் கீக் அடிக்காதே?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. தோல்ல கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு அளக்கற மெஷின் அது. உடம்பு எப்படி இருக்குன்னு நம்பர்ல காட்டிடும். பேசாம பிடிங்க" என்றாள் மகள்.

அப்பாவுக்கு மருமகனின் அக்குபஞ்சர் தொழில் அறவே பிடிக்காது. தன் மரக்கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்ற வயிற்றெரிச்சல் வேறு. கடைசியில் கெடு வைத்துவிட்டார்: இன்று தன் முதுகுவலிக்கு ஊசி குத்தி, அந்த மெஷினில் வித்தியாசம் காட்ட வேண்டும், இல்லையென்றால் கிளினிக்குக்குப் பூட்டு, நாளையிலிருந்து மாப்பிள்ளைக்கு மரக்கடை. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷர், அதுதான் வம்பே.

மாப்பிள்ளை அவர் மணிக்கட்டில் மெஷினின் ஈர முனையை வைத்தான். நம்பர் விறுவிறுவென்று ஏறியது.

"நூத்தி அறுபது, மாமா. எழுபதுக்குள்ள இருக்கணும்."

"எனக்கென்ன மாப்பிள்ளை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்" என்று மூச்சு வாங்கியபடி கழுத்தைத் துடைத்துக்கொண்டார் அப்பா.

மாப்பிள்ளை அவரை ஏசி அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். மகள் வெளியே உட்கார்ந்து கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்பா வந்தார். மறுபடியும் அதே மணிக்கட்டு, அதே முனை. அறுபத்தைந்து.

அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை பார்த்தார்.

"பதினோரு ஊசிம்மா. ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். கடைசி ஊசி இறங்கினப்போ விண்ணுன்னு குதிகால் வரைக்கும் போச்சு. மாப்பிள்ளை, உங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன். மரக்கடையை நானே பார்த்துக்கறேன். நீங்க இதையே பண்ணுங்க."

அவர் படியிறங்கிப் போனதும், மகள் சந்தோஷம் தாங்காமல் புருஷனின் கையைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

"ஜெயிச்சவர் மூஞ்சியா இது? பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"படுத்ததும் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார். எழுப்பவும் பயம், தூங்கறவரைக் குத்தவும் பயம்" என்றான் அவன். "ஏசியில வேர்வை காஞ்சுது, நம்பர் இறங்கிடுச்சு. ஊசி பாக்கெட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை."