சுத்தமான ஓகாரம்

இத்தாலியில் ஒரு வாத்துப் பண்ணை. அதன் மரக்கதவைக் காத்துவந்த லிவியா வாத்துக்குத் தன் முன்னோர்கள் ரோமாபுரிக்கே காவல் இருந்தவர்கள் என்று தலைகால் புரியாத பெருமை. யாரையும் லேசில் நம்பமாட்டாள். சிசிலித் தீவிலிருந்து வந்து சேர்ந்த நூன்சியா வாத்தை அறவே நம்பமாட்டாள்.

காரணம் இதுதான். ஓநாயை லிவியா 'லூபோ' என்பாள், நூன்சியா 'லூபு' என்பாள். "ஒரு ஓகாரத்தை ஒழுங்கா சொல்லாதவ மனசுல என்னத்தை ஒளிச்சு வச்சிருக்காளோ!" என்று லிவியா கரித்துக்கொட்டாத நாள் இல்லை.

ஒருநாள் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த நூன்சியா சிறகடித்து ஓடிவந்தாள். "அக்கா, லூபு வருது! கதவைத் திறந்துடாதீங்க!"

லிவியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ சொல்றது புரியுது. ஆனா எதுக்காகச் சொல்றேன்னுதான் புரியலை. வெளியில யாரோட என்ன ஏற்பாடு?"

அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. "அக்கா, இங்கே லூபோ எதுவும் இல்லை. நானும் இந்த ஊர்தான். கொஞ்சம் திறங்க."

அந்த ஓகாரம் உருண்டு திரண்டு, லிவியாவின் அம்மா சொல்வதுபோலவே இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

"கேட்டியா? பேச்சுன்னா இதுதான்" என்று நூன்சியாவிடம் சொல்லிக்கொண்டே, அலகால் தாழ்ப்பாளை நீக்கினாள்.