வைலர் ஐயா செய்த சத்தியம்

"கடவுளாணை நான் எடுக்கேல்லை. என்ரை ரெண்டு பிள்ளையளாணை எடுக்கேல்லை!" என்று குகதாசன் நெஞ்சில் அடித்துச் சொன்னான்.

"காலமை அந்த பிரிட்ஜைத் திறந்தது நீங்கள் மட்டும்தான்" என்றார் பொறுப்பாளர் ஸ்பின்டன் அம்மா.

"துடைக்கத்தான் திறந்தனான்!"

சூரிச்சில் ஒரு யூத முதியோர் இல்லம் அது. பேச்செல்லாம் சுவிஸ் ஜெர்மன்தான். குகதாசனின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும், நாமும் அப்படியே கேட்போம். இறைச்சிக்கு ஒரு பிரிட்ஜ், பாலுக்கு ஒரு பிரிட்ஜ். யூத முறைப்படி அங்குள்ளவர்கள் இறைச்சி சாப்பிட்டால் மணிக்கணக்கில் பாலைத் தொடமாட்டார்கள் என்ற பாடத்தை அவன் வேலைக்கு வந்த முதல் நாளே படித்துவிட்டான்.

இரண்டாம் மாடி பிக்கார் அம்மாவுக்கு அவருடைய மகன் ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வாங்கி வந்த மாட்டிறைச்சி சொசேஜ், முழங்கை நீளம். ஏழு மணிக்கு பிரிட்ஜில் இருந்தது, எட்டு மணிக்கு இல்லை. பிக்கார் அம்மா செத்த வீட்டில் அழுவதுபோல அழுதுகொண்டிருந்தார்.

குகதாசனுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் நான்கே நாள். பதினாறு வருடம் ரெஸ்டோரண்டுகளில் சட்டி கழுவி, நாற்பத்தைந்து வயதில் ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி வாங்கிய பராமரிப்பு வேலை. ஒரு சொசேஜோடு அது போய்விடும் போலிருந்தது.

அவன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "நாங்கள் சைவச் சனம் அம்மா. மாட்டை வாயிலயும் வைக்கமாட்டம்!"

"போன மாசம் வேலையாக்களோட போன பயணத்தில, ஊஸ்டர் ஏரிக்கரையில நாலு செர்வலா சொசேஜ் சாப்பிட்டீங்களே? அதுக்குள்ள இருக்கிறதும் மாடுதான்."

இருபது வருடமாக நல்லபிள்ளையாகத் தின்றுகொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் குகதாசனுக்குத் தெரிந்தது.

ஸ்பின்டன் அம்மா முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தார். "கடவுளாணை..." என்று அவன் மறுபடி தொடங்கினான். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூலைக் கதிரையில் இருந்த வைலர் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். எண்பத்தொன்பது வயது. ஒன்பது மணிக் கோப்பியைப் பாதிக்குப் பாதி பால் விட்டுக் குடிக்கிறவர், இன்று பாலே வேண்டாமென்று சொல்லிவிட்டார். தன் நிலையைப் பார்த்த கவலையாக்கும் என்று குகதாசன் நினைத்தான்.

சத்தியம் என்றாலே அந்த மனிதருக்கு நெருப்பு மாதிரி. போன கிழமை "கடவுளாணை நாளைக்கு வெயிலடிக்கும்" என்று வாய்தவறிச் சொன்ன குகதாசனுக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தவர் அவர்.

"சத்தியம் பண்ணுறது பிழையில்லை, குகதாசன். உண்மை தோக்கப்போற இடத்தில ஆண்டவரின்ரை பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினால் அது அவருக்கு மரியாதை எண்டு எங்கடை பெரியவையளில சிலபேர் எழுதியிருக்கினம். உண்மைக்குக்கூட வேண்டாம், பயப்பிடு எண்டு வேறை சிலபேர். நீர் என்னண்டால் அவரைக் குடை மாதிரிப் போற இடமெல்லாம் கொண்டு திரியிறீர்."

பயப்படுகிற கட்சிதான் வைலர் ஐயா. அப்படிப்பட்டவர் இன்று ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். தலையில் குல்லாவைச் சரி செய்தார்.

"ஆண்டவரின்ரை பேரால சத்தியம் பண்ணுறன். இந்த மனுசன் அந்தச் சொசேஜை எடுக்கவுமில்லை, தின்னவுமில்லை, எறியவுமில்லை."

பிக்கார் அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. "சொந்தத் தம்பியோட சண்டை வந்தநேரமும் சத்தியம் பண்ணமாட்டன் எண்டு நிண்ட மனுசன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்பின்டன் அம்மா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இது காணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, குகதாசன். திங்கக்கிழமை உங்கடை நிரந்தரக் கடிதம் வரும்."

குகதாசன் வைலர் ஐயாவைக் கைத்தாங்கலாக அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினான். இந்த நாட்டுக்கு வந்த இருபது வருடத்தில் அவனுக்காக ஒருவரும் இப்படி எழுந்து நின்றதில்லை.

"ஐயா, உண்மைக்கும் சத்தியம் பண்ணாத நீங்கள்... என்னை அவ்வளவுக்கு நம்பினீங்களோ?"

வைலர் ஐயா எட்டி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வெறும் நம்பிக்கையில சத்தியம் பண்ணேலுமே? திண்டது நானெல்லோ!"