ஒரே ஒரு கொத்து

அந்தக் காட்டில் எந்த மரத்துக்குக் கட்டி வந்தாலும் மரங்கொத்தியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் நாள் முழுக்கக் கொத்துவார். சிராய் பறக்கும், சத்தம் மலை வரைக்கும் கேட்கும், கட்டி போய்விடும். அடுத்த மழைக்கு அதே கிளையில் மறுபடி வரும். அவரும் மறுபடி வந்து கொத்துவார். இப்படிக் கொத்துப்பட்டே இரண்டு நாவல் மரங்கள் பட்டுப்போயின.

புங்கமரத்தின் பட்டையில் குடியிருந்த எறும்பு ஒருநாள் அவரிடம் கேட்டது. "ஐயா, இது எதனால வருதுன்னு பார்த்தீங்களா?"

"வெட்டவே நேரம் போதலை. இதுல எங்கே பார்க்கிறது?"

எறும்பு தானே புங்கமரத்தின் கட்டிக்குள் நுழைந்து பத்து நாள் ஊர்ந்தது. கட்டிக்கு வெகு கீழே கடுகளவு புழு ஒன்று மரத்தின் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. மேலே வெட்டும்போதெல்லாம் அது இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்துகொண்டது.

எறும்பு வந்து சொன்னதும் மரங்கொத்தி, "அந்த நாவல் மரங்கள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு எறும்பு காட்டிய இடத்தில் ஒரே ஒரு கொத்துக் கொத்திப் புழுவை வெளியே எடுத்தார்.

அடுத்த மழைக்குக் கட்டி வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை.

புங்கமரம் பக்கத்து வேம்பிடம் குறைபட்டுக்கொண்டது. "முன்னெல்லாம் நாள் பூரா நின்னு வைத்தியம் பார்ப்பார். இப்போ ஒரு கொத்து, அவ்வளவுதான், போயிட்டார். வயசாயிடுச்சு போல. மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மூணு நாள் விடாம கொத்துவாராம். அவரைக் கூப்பிட்டுப் பார்ப்போமா?"