ஒரு டீக்கு வேண்டிய நெருப்பு

முதல் தீக்குச்சி வீணானது.

அவள் அடுப்பின் திருகை மூடினாள். மனதுக்குள் பத்து எண்ணினாள்.

கணவன் சமையலறை வாசலில் நின்றான். சட்டைப்பையில் இ-பாஸ். தாராபுரத்திலிருந்து சென்னைக்கு, இரண்டு பேர். நாளைக் காலை ஆறு மணி முதல் செல்லும்.

இன்று நாற்பதாவது நாள்.

ஊரடங்கில் வாடகைக்குப் பிடித்த தோட்டத்து வீடு இது. அவளுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கு இன்னும் இல்லை. திரும்பி வருகிறாயா, அங்கிருந்தே வேலை பார்க்கிறாயா என்று அவன் அலுவலகம் கேட்டது. அந்தக் கேள்வியை அவன் அவளிடம் திருப்பினான்.

"சிலிண்டர் வரவே பதினஞ்சு நாளாகுது. இதுல இயற்கை வாழ்க்கை வேற. உன் சாணித் தொட்டியை வச்சு ஒரே ஒரு டீ போட்டுக் காட்டு. இங்கயே இருந்துடலாம்."

"நாப்பது நாள் குடுங்க."

தொட்டியின் அமைப்பு எளிது. பாதி சாணம், பாதி தண்ணீர். அதன்மேல் தலைகீழாக ஒரு பீப்பாய். காற்று புகாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் குடியிருக்கிறது. அதில் ஒரு வகை, சாணத்தையும் காய்த்தோலையும் சிதைத்துப் புளிக்கவைக்கும். மற்றொரு வகை, அந்தப் புளிப்பைத் தின்று வாயுவை விடும். வாயு மேலேறிப் பீப்பாயைத் தூக்கும்.

விரல் விரலாகத் தூக்கும்.

வேறு அளவுகோல் தேவையில்லை. பீப்பாய் எத்தனை விரல் எழுந்திருக்கிறதோ, அவ்வளவு நெருப்பு உள்ளே இருக்கிறது.

பதினெட்டாம் நாள் நான்கு விரல் எழுந்திருந்தது. பிறகு நின்றது. அதற்குமேல் அசையவில்லை.

பீப்பாயிலிருந்து அடுப்புக்குப் போகும் குழாயின் இணைப்புகளில் அவள் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட ஊதவில்லை. கசிவு இல்லை.

இருபத்தோராம் நாள், பல் துலக்கிக்கொண்டே சன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவன் வாளியுடன் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

சந்தையிலிருந்து வந்த காய்களை அவன் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைப்பான். முருங்கைக்காயைக்கூட ஒவ்வொன்றாகத் தேய்ப்பான். கழுவிய தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அவன் சட்டத்தை மதித்தான். வாளியைத் தொட்டியில் கவிழ்த்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

தினமும் இரண்டு வாளி.

கிருமியைக் கொல்வதற்கென்றே கரைத்த தண்ணீர். தொட்டிக்குள் வேலை செய்ததெல்லாம் கிருமிதான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. காரணம் பிடிபட்ட சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம், நான்கு மாடு வைத்திருக்கும் செல்லாத்தா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மறுக்காவுஞ் சாணியா? ரெண்டு வண்டி குடுத்தனே அம்மிணி, தின்னுபோட்டியா?"

"செத்துப்போச்சுக்கா."

"சாணி சாகுமா? என்ன பண்ணுனீங்க, அதுக்கும் மாஸ்க் மாட்டி உட்டீங்களா?"

பாதித் தொட்டியை இறைத்தாள். புதுச் சாணத்தை வெறுங்கையால் கரைத்தாள். தொட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதினாள்: உள்ளே உயிர் இருக்கிறது. சோப்பு, மருந்துத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அவன் படித்தான்.

"எனக்கா?"

"வீட்ல வேற யாரு இருக்கா?"

முப்பத்துமூன்றாம் நாள் பீப்பாய் மூன்று விரல் எழுந்தது. அவள் குழாயைத் திறந்து அத்தனையையும் வெளியே விட்டாள்.

"வந்ததையும் விட்டுட்டியா!"

முதலில் சேரும் வாயு எரியாது. நம் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுதான் அதில் அதிகம். அது போனால்தான் எரிவதற்கு இடம் கிடைக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் பீப்பாய் இறங்குவதை அவள் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று ஐந்து விரல்.

இரண்டாவது தீக்குச்சியைக் கிழித்தாள். திருகை மெல்லத் திறந்தாள். குழாயில் மிச்சமிருந்த காற்று முதல் குச்சியோடு போயிருக்க வேண்டும்.

மெலிதாக ஒரு சத்தம். துணியை உதறுவது போல.

"பத்திக்கல," என்றான் அவன்.

கிழக்குச் சன்னலின் வெயில் நேராக அடுப்பில் விழுந்தது. அடுப்பின்மேல் ஒன்றும் தெரியவில்லை.

இந்த நெருப்பு வெளிர்நீலம். வெயிலில் கண்ணுக்கு அகப்படாது. அவள் அதைச் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்து வைத்தாள்.

அவன் அருகில் வந்தான். பாத்திரத்தின் ஓரமாகக் கையை நீட்டினான்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

தண்ணீருக்கு அடியில் கடுகு கடுகாகக் குமிழ்கள் ஒட்டின.

அவன் நின்றபடியே டீ குடித்தான். கடைசிச் சொட்டு வரை.  இ-பாஸ் இருந்த சட்டைப்பையைத் தொடவில்லை.

இரண்டு தம்ளரையும் அவனே வாளியில் போட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினான். எப்போதும் போல, இருபது எண்ணும் வரை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

தொட்டியருகே அவன் நடை தயங்கியது.

பிறகு அதைத் தாண்டினான். நாற்பது எட்டு எடுத்துவைத்து, வேலியோரத்துக் கள்ளிக்கு அடியில் தண்ணீரைக் கொட்டினான்.

திரும்பும் வழியில் குனிந்தான். பீப்பாயின் விளிம்பில் விரல்களை வைத்து அளந்தான்.