ஓடாத வண்டிக்குப் புது பேட்டரி

"என்ஜினை விடு. பேட்டரிய மட்டும் மாத்து" என்றார் செல்லதுரை.

மணிவண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். குன்னத்தில் பதினெட்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறான். ஓடாத வண்டிக்குப் புது பேட்டரி கேட்ட முதல் மனுஷன் இவர்தான்.

"அண்ணே, என்ஜின் ஜாம் ஆயி ரெண்டு வருஷமாச்சு. அடியெல்லாம் துரு. பொணத்துக்குப் பவுடர் அடிச்சு என்னண்ணே ஆவப்போவுது?"

"யானை படுத்தாலும் குதிரை மட்டம்யா. சொன்னதச் செய்."

யானை என்று அவர் சொன்னது, காம்பவுண்ட் சுவருக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்ற பழைய மாருதியை. அதன் மேலே காக்கா எச்சம். நாலு டயரிலும் காற்று இல்லை. முன் சக்கரத்தை ஒட்டி ஒரு கோழி குழி பறித்துச் சொகுசாகப் படுத்திருந்தது.

செல்லதுரை சாதாரண ஆள் இல்லை. மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர். போன சுதந்திர தினத்துக்கு ஊருக்கே சமபந்தி விருந்து போட்டு, பேப்பரில் போட்டோ வந்தது. அந்தப் போட்டோ மண்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்குகிறது.

கேட்டுக்குள்ளிருந்தே அவர் மனைவி செங்கமலம் குரல் கொடுத்தாள்.

"தம்பி, நாளைக்குக் காலையில பெரம்பலூர்லேர்ந்து எடைக்கு எடுக்கறவன் வரான். இது தேறாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, தூக்கிக் குடுத்துடறேன். வாசல்ல இது நிக்கிறது மானக்கேடா இருக்கு."

"சரிடி, மணி சொல்றதுதான் தீர்ப்பு" என்று செல்லதுரை போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

நீதிபதி மணிவண்ணன் தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டான். எடைக்குத்தான். இருந்தாலும் சம்பிரதாயத்துக்குப் பின்கதவைத் திறந்தான்.

உள்ளே சீட் சுத்தமாகத் துடைத்திருந்தது. கூரையில் ஒரு எல்.இ.டி பல்பு. முன்சீட்டில் மாட்டிய சின்ன ஃபேன். இரண்டுக்கும் பேட்டரியிலிருந்து நேராக ஒயர். சீட்டுக்கு அடியில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேப்பர் கப்புகள்.

ஓஹோ!

லைட், ஃபேன், கப்பு. ஊர் பாரில்கூட இவ்வளவு வசதி கிடையாதே! பகலில் ஊர்ப் பெரியமனுஷன், பொழுது சாய்ந்தால் காருக்குள் கச்சேரி. ஓடாத வண்டியில் பேட்டரி ஏன் உயிரை விட்டது என்று மணிவண்ணனுக்கு விளங்கிவிட்டது.

போன் பேசி முடித்து வந்தவரிடம் கண்ணைச் சிமிட்டினான். "நல்லா வசதியா செட் பண்ணிருக்கீங்கண்ணே. அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான்யா தினமும் டீ போட்டுக் குடுக்கறா."

"டீயா?"

அதற்குள் ஒரு பெண் தோளில் பையோடு வந்தாள். இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு, காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

"நம்ம மண்டியில மூட்டை தூக்கறானே அமாவாசை, அவன் மவ சத்யா" என்றார் செல்லதுரை. "குரூப் ஃபோர் எழுதப்போவுது. இன்னும் இருவது நாள்தான் இருக்கு. அவங்க வூடு ஒரே ரூமு, ஆறு பேரு, டிவி வேற. புள்ள எங்கேர்ந்து படிக்கும்? அதான் வண்டிய அதுக்கு வுட்டுட்டேன். நமக்கு எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணுதான்யா."

மணிவண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சே, எப்பேர்ப்பட்ட மனுஷனைப் போய் என்ன நினைத்துவிட்டோம்! அவனுக்கு வெட்கமாக இருந்தது.

நேராக கேட் அருகே போனான்.

"அக்கா, வண்டி தங்கம். எடைக்காரன வரவேணாம்னு சொல்லிடுங்க. ஒரு மாசம் குடுங்க, என்ஜினையே பேச வெக்கிறேன்."

"இதா தங்கம்?" என்று செங்கமலம் மோவாயில் கை வைத்தாள். ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். முணுமுணுத்துக்கொண்டே டீ போட உள்ளே போனாள். செல்லதுரையும் மண்டிக்குக் கிளம்பினார்.

பதினெட்டு வருஷத்தில் மணிவண்ணன் சொல்லாத பொய் இல்லை. லாபம் இல்லாமல் சொன்ன முதல் பொய் இது.

புது பேட்டரியை மாட்டினான். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேன் சுற்றியது. சத்யா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் மனசு நிறைந்துபோனது.

செங்கமலம் டீ கொண்டுவந்தாள். மணிவண்ணன் கையில் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தாள். இன்னொரு டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றி, கார் பானெட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சத்யா இறங்கி வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கொசு மொய்த்தது. மணிவண்ணன் அந்த இரண்டு மாடி வீட்டை அண்ணாந்து பார்த்தான். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு மாடி அறைகள் பூட்டியே கிடந்தன.

"ஏம்மா, இந்தக் கொசுக்கடியில ஏன் கஷ்டப்படற? மேல ரெண்டு ரூமு சும்மாதான கெடக்கு. அங்க உக்காந்து படிக்கலாம்ல?"

குடித்த கப்பைச் சீட்டுக்கு அடியில் மற்ற கப்புகளோடு சொருகிவிட்டு, சத்யா புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினாள்.

"எங்க தெரு ஆளுங்க கேட்டுக்குள்ள வரக் கூடாதுண்ணே. காரு வெளியிலதான நிக்குது?"